பின் இருக்கைக்குக் கீழே ஒரு பலகை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். இன்ஜினுக்கு வேண்டியது மூன்றே மூன்றுதான், காற்று, பெற்றோல், தீப்பொறி, இதில் ஒன்று குறைந்தால் நிற்கும், மூன்றும் இருந்தால் ஓடும், நடுவில் ஆவிக்கு எங்கே இடம் என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். எங்கள் வேனில் மனைவி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டால் அதைக்கூட அவிழ்த்துப் போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எனக்குப் பெருமைப்படும்படி எதுவும் இல்லை. நான் சொன்ன ஒரு பொய்யும் இதில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் விஷயம் விளங்காது.

எனக்கு வீடு கண்டியில், மஹய்யாவையில், பட்டறை கட்டுகஸ்தோட்டையில். பேர் செல்வம். வேன், லொறி, தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், எது வந்தாலும் பார்ப்பேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். திகனைப் பக்கம் நஸீர் நானா என்று ஒருவர், முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் படகு ஓட்டுகிறார். அவரிடம் பழைய ஜெட் போட் ஒன்று இருக்கிறது. ஜெட் போட் என்றால் சாதாரணப் படகு மாதிரி வெளியே சுற்றுகிற விசிறி கிடையாது. அடியில் ஒரு கம்பித் தட்டி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சியடிக்கும், அந்த வேகத்தில்தான் படகு போகும். உள்ளே இருப்பது பெரிய கார் இன்ஜின் மாதிரி ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் நீர்கொழும்புப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வாங்கியது. அதற்கு முன்னால் அது எங்கெங்கே ஓடியது, யார் கையில் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் போட்டுக்கு ஒரு வியாதி வந்தது. கிளம்பும்போது சிங்கம் மாதிரி கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிஷம் முழு வேகத்தில் போனதும் இழுவை குறைந்து, மூச்சு வாங்குகிற மாதிரி இருமி, பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கொஞ்சம் நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிவிடும். இப்படிப்பட்ட கோளாறுதான் ஒரு மெக்கானிக்கைக் கொல்கிற கோளாறு, ஏனென்றால் நாம் போய்ப் பார்க்கிற நேரம் எல்லாம் சரியாக இருக்கும். நஸீர் நானா கூப்பிட்டு நான் போனேன். முதலில் கம்பித் தட்டியைப் பார்த்தேன், பாசி அடைத்தால் இன்ஜின் மட்டும் வீணாகச் சுற்றும், படகு போகாது, ஆனால் இங்கே இன்ஜினே வேகம் குறைகிறது என்பதால் குறை அங்கே இல்லை. பிளக் எல்லாம் கழற்றினேன், புதுசு போட்டேன். ஃபில்டரை மாற்றினேன். பெற்றோல் டாங்கிக்குக் காற்று போகிற துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்தேன். பம்பைப் பிரித்துப் பூட்டினேன். கார்புரேட்டரைக் கழுவினேன்.

மிச்சம் இருந்தது டாங்கியில் இருந்து இன்ஜினுக்கு வருகிற ரப்பர் குழாய். அதன் இன்ஜின் பக்கத்து நுனி கைக்கு எட்டும். டாங்கி பக்கத்து நுனி பின் இருக்கைக்குக் கீழே, ஒரு பலகைக்கு உள்ளே. அந்தப் பலகையை ஆறு ஸ்க்ரூ ஆணி போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் அடித்து, ஆணியின் பள்ளம்கூடத் தெரியாதபடி மூடியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போகும். மழை தூற ஆரம்பித்துவிட்டது, கண்டிக்குப் போகிற கடைசிக்கு முந்தின பஸ் வருகிற நேரம். நான் என்ன செய்தேன் தெரியுமா, கைக்கு எட்டிய நுனியைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். தடை இல்லாமல் காற்று போனது, டாங்கிக்குள் குமிழி விட்ட சத்தமும் கேட்டது. போதும் என்று திருப்பி மாட்டிவிட்டேன். அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. நஸீர் நானா மேலே கடையில் தேநீர் சொல்லப் போயிருந்தார்.

திரும்பி வந்தவர் கேட்டார். “ஹோஸையும் பாத்தீங்களா பாஸ்?”

“முழுசா கழட்டிப் பாத்துட்டேன் நானா. அது நல்லா இருக்கு.”

இதுதான் நான் சொன்ன பொய். பெரிய பொய் மாதிரித் தெரியாது. ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன வட்டம் அடித்தோம், ஐந்து நிமிஷம், படகு அருமையாகப் போனது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

ஆனால் பஸ் வரவில்லை. அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மலைநாட்டில் இருந்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அன்று ராத்திரியே மண் சரிந்து பாதை மூடிவிட்டது, கரண்ட் போனது, ஃபோன் போனது. நான் நஸீர் நானா வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். அவருடைய சம்சாரம் என்னை வீட்டு ஆள் மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மனைவி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களோ என்ற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டது. மத்தியானம் ஒரு ஆள் அக்கரையில் இருந்து சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். மலை ஏறி இறங்கி, பாறை மேல் தவழ்ந்து, சுற்றிக்கொண்டு அரை நாள் நடந்து வந்திருக்கிறார். அக்கரையில் தோட்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மகாலிங்கம் என்று ஒரு மனுஷர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்து வருகிறவர். மழைக்கு முன்னாலேயே ஒரு தடவை தவறியது, பாதை மூடியதில் அடுத்ததும் தவறிவிட்டது. உடம்பெல்லாம் வீங்கி, முந்தின ராத்திரியில் இருந்து அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லையாம். அங்கே இருக்கிற மருத்துவ மாது நாளைக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார். திகனைப் பக்கம் வந்துவிட்டால் ஒரு பாதையைத் திறந்துவிட்டார்கள், ஆம்புலன்ஸ் வரும். நோயாளியை அக்கரையில் இருந்து இக்கரைக்குக் கொண்டுவர ஒரே வழி தண்ணீர்.

தண்ணீர் எப்படி இருந்தது என்றால், அது தண்ணீரே இல்லை. செம்மண் குழம்பு. மேலே முழு மரங்கள், வேரோடு வாழை, கூரைத் தகரம், ஒரு தடவை ஒரு அலுமாரி மிதந்து போனதைப் பார்த்தேன். விசிறி வைத்த படகு போனால் ஐந்து நிமிஷத்தில் விசிறி முறிந்துவிடும். அதுவும் அணைக்கட்டில் மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான் கதவுகள் திறந்திருந்தன, தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அணைக்கு முன்னால் யாரும் தாண்டக்கூடாது என்று கட்டியிருந்த மிதவைக் கயிறும் அறுந்து போய்விட்டதாகச் சொன்னார்கள். போகக்கூடியது நஸீர் நானாவின் ஜெட் போட் ஒன்றுதான்.

நஸீர் நானா என் முகத்தைப் பார்த்தார். “பாஸ், நீங்க செய்த வேல. நீங்க சொல்லுங்க. போகலாமா?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் தாருங்கள், பலகையைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நாற்பது பேர் நிற்கிறார்கள். “போகலாம் நானா, நானும் வாரேன்” என்று சொன்னேன். வேலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். ஏன் என்னையும் சேர்த்துக்கொண்டேன் என்று யோசித்தால், உள்ளுக்குள் எனக்குப் பயம் இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மரங்களுக்கு நடுவில் மெதுவாக, நெளிந்து நெளிந்துதான் போனோம், அதனால் இன்ஜினுக்குப் பெரிய வேலை இல்லை. அக்கரையில் மனுஷரை மெத்தையோடு தூக்கிவந்து படகின் நடுவில் கிடத்தினார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் இடுக்கு மட்டும் தெரிந்தது. மூச்சு கரகர என்று ஓடியது. கூப்பிட்டால் பதில் இல்லை. அவருடைய மனைவி சரோஜா அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள். படகில் நாங்கள் நாலு பேர், நஸீர் நானா ஓட்ட, நான் இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில், நடுவில் அவர்கள் இருவரும். பின் இருக்கையில் யாரும் இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வரும்போது இழுவை கூடியிருந்தது. தண்ணீர் அணைப் பக்கம் இழுக்க, நாங்கள் குறுக்கே வெட்டிப் போகவேண்டும், அதனால் நஸீர் நானா முழு வேகம் கொடுத்தார். பாதி தூரம் வந்திருப்போம். இன்ஜின் இருமியது.

அதே சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு சுதி இறங்கி, முனகி, அணைந்தே விட்டது. திருப்பிப் போட்டால் பிடிக்கும், வேகம் கொடுத்தால் அணைந்துவிடும். படகு பக்கவாட்டில் திரும்பி ஆற்றில் போகிற கட்டை மாதிரி மிதக்கத் தொடங்கியது. இன்ஜின் சத்தம் நின்றதும்தான் இன்னொரு சத்தம் கேட்டது, தூரத்தில், தொடர்ந்து இரைகிற மாதிரி. வான் கதவுகளில் தண்ணீர் விழுகிற சத்தம்.

நஸீர் நானா ஒரு நீளமான மூங்கிலை எடுத்து வருகிற மரங்களைத் தள்ளிவிட ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, துஆ ஓதுகிறார் என்று தெரிந்தது. நான் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. பம்பைக் கழற்றப் போனேன். பதற்றத்தில் ஸ்பானர் வழுக்கி விழுந்தது.

“தம்பி, அதை விடும். பம்பில பிழை இல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். சரோஜா அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியது மகாலிங்கம் ஐயா. கண் மூடித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரகர மூச்சு நின்று, குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பேசுகிற ஒருவருடைய குரல் மாதிரி வந்தது. அதுவும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. எங்கள் மலைநாட்டுப் பேச்சு இல்லவே இல்லை.

சரோஜா அக்கா தழுதழுத்துச் சொன்னார்கள். “இது இவரு பேச்சு இல்லீங்க. இவரு இப்படிப் பேசமாட்டாரு.”

“பெற்றோல் வாற குழாயைக் கழட்டிப் பாத்தனீரோ?” என்று அந்தக் குரல் கேட்டது.

பொய் சொல்லிப் பழகிய வாய், என்ன செய்ய. “பாத்தேன்” என்றேன்.

“ஊதித்தான் பாத்தனீர். ஊதினால் போகும். உறிஞ்சிப் பாரும்.”

நம்பினால் நம்புங்கள், சுற்றி ஓடிய அந்தத் தண்ணீரைவிட, அந்த அணைச் சத்தத்தைவிட, இந்த ஒரு வார்த்தை என்னை உறைய வைத்தது. நான் ஊதியதை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை. நஸீர் நானா மூங்கிலோடு ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு மடக்கு பெற்றோல் வந்தது, அதோடு நின்றது. யாரோ மறுபக்கத்தில் விரலை வைத்து அடைத்த மாதிரி கப்பென்று நின்றது. எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை. ஊதினேன், போனது. உறிஞ்சினேன், அடைத்தது.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய ரப்பர் குழாயின் உள்தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கும். இன்ஜின் பக்கத்தில் இருந்து ஊதினால் அந்த நாக்கு சுவரோடு ஒட்டி வழிவிடும். இன்ஜின் பலமாக இழுத்தால் மடங்கி வந்து குழாயை அடைத்துவிடும். வேகம் குறைந்தால் விலகும். எத்தனையோ வேனில் இந்த வியாதியைப் பார்த்தவன்தான் நான். இதில் மாயம் ஒன்றும் இல்லை, என் சோம்பேறித்தனம்தான் இருந்தது.

ஆனால் விளங்கி என்ன பிரயோசனம், மாற்றுவதற்குக் குழாய் இல்லையே. நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனதில் நினைத்தேனா, இன்றைக்கும் நினைவில்லை.

“பின் இருக்கைக்குக் கீழ பலகை இருக்கு. அதைக் கழட்டும். உள்ளுக்குக் கிடக்கு.”

நான் பின்பக்கம் போய் மண்டியிட்டேன். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பெயின்ட்டைச் சுரண்டினேன். ஒரு மணி நேரம் போகும் என்று நான் கணக்குப் போட்ட வேலை, எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. பெயின்ட் எங்கேயும் விரிசல் விடவில்லை, உடையவில்லை, பலகையின் ஓரம் முழுக்க ஒரே தோலாக மூடியிருந்தது என்பதை என் கையாலேயே பார்த்தேன். அதுவரை அந்தப் பலகையை யாரும் திறக்கவில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். ஆறாவது ஆணி வந்ததும் பலகையைப் பெயர்த்தேன். டாங்கியின் மூலை தெரிந்தது, பழைய குழாயின் நுனி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வட்டமாகச் சுருட்டி, கயிற்றால் கட்டி வைத்த ஒரு புதுக் குழாய். அதே கனம், வேண்டிய நீளம். இரண்டு கிளிப்பும் அந்தக் கயிற்றிலேயே கோத்திருந்தது. ரப்பர் பழசாகி இறுகியிருக்கவேண்டும், ஆனால் கடையில் இருந்து இன்றைக்குக் காலையில் வாங்கின மாதிரி கைக்கு மெதுவாக வளைந்தது.

“கெடச்சிருச்சு” என்று நான் கத்தினேனாம், நஸீர் நானா பிறகு சொன்னார்.

“ஓம், அதுதான்” என்றது குரல். “கிளிப்பை வடிவா இறுக்கும். அவசரப்படாதையும், நேரம் இருக்கு.”

அந்த ‘நேரம் இருக்கு’ என்ற சொல்லில் என் பதற்றம் அடங்கியது. அது எப்படி என்று என்னால் விளக்க முடியாது. பட்டறையில் வேலை செய்கிற மாதிரி நிதானமாகப் பழைய குழாயை வெட்டி எடுத்தேன், புதுசை ஏற்றினேன், இரண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கினேன், சிந்தின பெற்றோலைத் துணியால் ஒற்றி எடுத்தேன், நாற்றம் போகக் கொஞ்சம் மூடியைத் திறந்து வைத்தேன். அணைச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. அணையின் கொங்கிறீட் மேல் விளிம்பு மரங்களுக்கு மேலே சாம்பல் கோடாகத் தெரிந்தது.

“போடுங்க நானா” என்றேன். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. நஸீர் நானா வேகத்தைக் கொடுக்கப் போகிற நேரம், அந்தக் குரல் கடைசியாகப் பேசியது.

“இனிப் பயமில்லை. நீங்கள் போங்கோ. நான் இதிலயே இறங்கிறன்.”

சொல்லி முடிக்கவில்லை, படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. படகில் இருந்து ஒரு ஆள் ஓரத்தில் கால் வைத்து இறங்கினால் எப்படிச் சாயுமோ அப்படி, பின்பக்கம், இடது கைப் பக்கம். மரம் இடித்தால் அது அதிர்வு, அலை வந்தால் அது ஆட்டம், எனக்கு வித்தியாசம் தெரியும். நாங்கள் நாலு பேரும் இருந்த இடத்தில்தான் இருந்தோம். நஸீர் நானா திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு முன்னால் திரும்பி முழு வேகம் கொடுத்தார். இன்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் பாடிக்கொண்டு போனது. படகின் மூக்கு தூக்கியது. மகாலிங்கம் ஐயாவுடைய மூச்சு மறுபடி கரகர என்று ஓட ஆரம்பித்தது, சரோஜா அக்கா அவருடைய கன்னத்தைத் தடவிக்கொண்டே அழுதார்கள்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஃபோன் வேலை செய்ததும் சரோஜா அக்காவின் மகளிடம் இருந்து செய்தி வந்தது, ரத்தம் சுத்தம் செய்துவிட்டார்கள், கண் முழித்துத் தேநீர் கேட்டாராம். அதே நேரம் என் வீட்டிலும் பேசினேன், எல்லோரும் பத்திரம், வேனுக்கு மேல் ஒரு பலாக்கிளை விழுந்ததோடு சரி. அன்றைக்கு நஸீர் நானா வீட்டில் நான் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னால் எப்போது சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். “நானா, அன்னைக்கு நான் ஹோஸ கழட்டல. ஊதி மட்டும்தான் பாத்தேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் கை கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். “வெளங்கிச்சு பாஸ். அங்கயே வெளங்கிச்சு” என்றார். “எனக்குக் கோவம் வந்திச்சி. பொறகு அந்தப் பலகய நீங்க சொரண்டினத பாத்தன், வெரலெல்லாம் ரத்தம். இப்ப சொல்லிட்டீங்க. அது போதும்.”

அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் அந்தப் படகில்தான் இருந்தோம். மருந்து கொண்டுபோனோம், அரிசி கொண்டுபோனோம், ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிவந்தோம். ஒரு நாள்கூட இன்ஜின் இருமவில்லை.

பாதை திறந்து கொஞ்ச நாள் கழித்து மகாலிங்கம் ஐயாவைப் பார்க்கப் போனேன். வீக்கம் இறங்கி ஒல்லியான மனுஷராக இருந்தார். மெல்லிய குரல், எங்கள் பக்கத்துப் பேச்சு. “வாங்க தம்பி, ஒக்காருங்க. நீங்கதான் இன்ஜின சரி பண்ணினீங்களாமே. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க” என்றார். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன், இன்ஜின் வேலை ஏதாவது பழக்கம் உண்டா என்று. சிரித்துவிட்டார். “சைக்கிள் செயின் கழண்டாகூட அடுத்த வீட்டுத் தம்பியத்தான் கூப்பிடுவேன்.” யாழ்ப்பாணப் பக்கம் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். போனதே இல்லை என்றார். சரோஜா அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், மேற்கொண்டு கேட்கவேண்டாம் என்கிற மாதிரி. நானும் கேட்கவில்லை. மனுஷர் பிழைத்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறார், அதைவிட எனக்கு என்ன வேண்டும்.

நஸீர் நானா படகை விற்ற ஆளைத் தேடிப்பிடித்து ஃபோனில் சிங்களத்தில் பேசினார். அந்த ஆள் சொன்னது இது. அந்தப் பலகையைப் பூட்டிப் பெயின்ட் அடித்தது அவரேதான். டாங்கிக்கும் பலகைக்கும் நடுவில் எதுவும் வைக்கவில்லை, வைக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாராம். அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று கேட்டால், ஏலத்தில் எடுத்தது, தெரியாது என்றார். சரி, அவர் மறந்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். யாரோ வைத்திருப்பார்கள், இவர் பார்க்காமல் மூடியிருப்பார். நோயாளி ஜன்னியில் எங்கேயோ கேட்ட பேச்சைப் பேசியிருப்பார். நான் ஊதியதை அவர் எப்படிச் சொன்னார் என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை, அதையும் ஒரு மாதிரி விட்டுவிடலாம் என்று இருந்தேன். இப்போது எந்த வேலையிலும் மூடியிருக்கிற பலகையைத் திறக்காமல் நான் வருவதில்லை, அந்த மட்டில் எனக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து நஸீர் நானா கூப்பிட்டார். இன்ஜின் நன்றாக இருக்கிறது, சும்மா வந்து ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். பட்டப்பகல், நல்ல வெயில், தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி இருந்தது. படகு வெறுமையாகத் துறையில் கட்டிக் கிடந்தது, வழக்கமாகக் கிடக்கிற மாதிரி. அதன் வெள்ளை உடம்பில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு உண்டு, ஆள் இல்லாமல் வெறுமையாகக் கிடந்து கிடந்து நாலு வருஷமாகப் படிந்த கறை. இப்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. பின்பக்கம் ஒரு சுண்டுவிரல் கனத்துக்குக் கீழே நின்றது. படகு அவ்வளவு உயர்ந்து மிதந்தது.

நான் மெக்கானிக், உடனே காரணம் தேடினேன். டாங்கி நிறைய இருந்தது. அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தேன், எப்போதும் இருக்கிற அளவுதான். நங்கூரம், கயிறு, மிதவைச் சட்டைகள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. படகில் இருந்து நாங்கள் எடுத்தது அந்தப் பழைய குழாய் ஒன்றுதான், அதற்குப் பதில் புதுசு இருக்கிறது.

நஸீர் நானா செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். பின்பக்கம் போய் இடது கைப் பக்கத்து மூலையில் மெதுவாக உட்கார்ந்தார். நான் துறையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படகு கொஞ்சம் அமிழ்ந்து, ஆடி, நின்றது. தண்ணீர் சரியாக அந்தப் பழுப்புக் கோட்டுக்கு வந்து நின்றது.